ரகசியத்தின் ஆயுள்

1

சில வருஷங்களுக்கு முன்பு, திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில், மேஜை மேல் இருந்த கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கிப் பார்ப்பது அப்போது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. அடியில், பனியன் பெட்டியின் அட்டையிலிருந்து கிழித்த துண்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதில் பேனாவால் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது: பழனிமுருகன்05, பழனிமுருகன்06, பழனிமுருகன்07, பழனிமுருகன்08. கடைசியாக இருந்த 09 மட்டும் அடிபடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால், அந்த நாற்காலிக்காரர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் தாண்டியிருக்க வேண்டும் என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். ரகசியத்தைக் காப்பாற்ற ஏற்பட்ட விதி, ரகசியத்தை எழுதி ஒட்டவைத்ததோடு நில்லாமல் அதற்கு ஒரு காலண்டரையும் போட்டுக் கொடுத்திருந்தது.

அகராதிக்காரர்கள் கடவுச்சொல் என்கிறார்கள். கடவு என்றால் வழி, நல்ல சொல்தான். ஆனால் பனியன் கம்பெனியில் அதன் பெயர் பாஸ்வேர்டு. அது 90 நாளில் காலாவதியாகும். காலாவதி என்ற சொல்லை நாம் மருந்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் உபயோகித்துப் பழகியவர்கள். ஒரு சொல் காலாவதியாவது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். எதனால் 90? எதனால் 60 இல்லை, 900 இல்லை? அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணை யந்திரத்தில் எழுதி வைத்தவன் நான். எனக்கும் அன்று தெரியாது. பின்னால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கத் தூண்டிய சம்பவம் ஒன்றும் உண்டு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

தொழில்நுட்பச் சமாசாரம் என்று நண்பர்கள் இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு மனிதனின் பெயரையும் அவன் செய்த காரியத்தையும் சேர்த்து எங்கே முடிச்சுப் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. முன்பு அந்த முடிச்சு கையெழுத்தில் இருந்தது, கைநாட்டில் இருந்தது. இன்று ஒரு கோப்பின் ஒரு வரியில் இருக்கிறது.

2

பழைய பனியன் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்குப் பவர் டேபிள் தெரிந்திருக்கும். ஒரே மோட்டார், மேஜைக்கு அடியில் நீளமாக ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து பெல்ட் வாங்கி ஓடும் வரிசையான தையல் மெஷின்கள். தன் மெஷின் தனியாக ஓடுவதாக நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு டெய்லரும் தைப்பார். 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர் சகாக்களும் கம்ப்யூட்டரில் செய்து காட்டியது ஏறக்குறைய இந்த ஏற்பாட்டைத்தான். யந்திரம் ஒன்று, அதன் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள் பலர். பங்கு என்று வந்துவிட்டால் யார் யார் என்று தெரிய வேண்டும். ஒருவர் காகிதங்களை இன்னொருவர் புரட்டாமல் இருக்க வேண்டும். ரகசியச் சொல் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது இப்படி.

புகுந்த மறு வருஷமே களவு நடந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு வாரத்துக்கு அளந்து கொடுத்த நேரம் போதாமல், எல்லோருடைய ரகசியச் சொற்களும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி யந்திரத்திடமே கேட்டார். அதுவும் அச்சடித்துக் கொடுத்தது. கால் நூற்றாண்டு கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். 1966இல் அதே யந்திரத்தில் இன்னொரு கூத்து. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டப்படும் வரவேற்புச் செய்தியும் ரகசியச் சொற்களின் கோப்பும் இடம் மாறிப்போய், வந்தவர்கள் எல்லோரும் எல்லோருடைய ரகசியத்தையும் படித்தார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தச் சொல்லும் பழசாகிவிட்டதால் பறிபோகவில்லை. நேற்று வைத்த சொல்லும் ஒரு வருஷத்துக்கு முன்பு வைத்த சொல்லும் ஒரே நொடியில், வைத்திருந்த இடத்திலிருந்து மொத்தமாகப் போயின. ரகசியத்தின் எதிரி காலம் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

3

யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய காரியம். உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் கணிசமானவை இன்று அதன் வாரிசுகளில் ஓடுகின்றன. நான் கவனித்துக்கொண்ட லினக்ஸ் யந்திரம் உட்பட. யூனிக்ஸில் பயனாளர்களின் பெயர்கள் பாஸ்வேர்டு கோப்பு என்ற ஒன்றில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரி. வரிக்குள் கட்டங்கள், கட்டங்களுக்கு இடையே முக்காற்புள்ளி. அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஷெர் செய்த காரியத்துக்கு அங்கே அவசியமே இல்லை, ஏனென்றால் சொல் அதில் சொல்லாக இல்லை.

இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சாயம் ஏறிய துணியிலிருந்து பழைய வெள்ளைத் துணியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் இன்னொரு வெள்ளைத் துணியை அதே சாயத்தில் முக்கி, இரண்டும் ஒரே நிறம்தானா என்று வைத்துப் பார்க்கலாம். யூனிக்ஸ் செய்தது இது. சொல்லைச் சாயத்தில் முக்கி, நிறத்தை மட்டும் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டது. நீங்கள் உள்ளே வரும்போது சொல்கிற சொல்லை மறுபடி முக்கிப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால் விடும்.

திருட நினைப்பவனும் இதையே செய்யலாம். அகராதியில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக முக்கிக்கொண்டே போனால் ஏதாவது ஒன்றின் நிறம் பொருந்தும். ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979 நவம்பரில் பிரசுரித்த கட்டுரை இந்த ஆபத்தைப் பற்றியது. மனிதர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்த 3,289 ரகசியச் சொற்களை அவர்கள் பரிசீலித்தார்கள். 15 பேர் ஒரே ஒரு எழுத்தை வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. இந்த மாதிரிக் குட்டிச் சொற்களும் அகராதிச் சொற்களுமாகச் சேர்ந்து 2,831; அதாவது 86 சதவிகிதம். மனிதனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு உண்மையைச் சொன்ன அட்டவணைகள் குறைவு.

அவர்கள் கண்ட பரிகாரம் பெரும்பாலும் யந்திரத்தின் பக்கம் இருந்தது. முக்குவதை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். ஒரு முறைக்குப் பதில் 25 முறை. உப்பு என்று பெயர் வைத்து ஒரு சங்கதியையும் சேர்த்தார்கள். நம் சாயப்பட்டறையில் உப்புப் போடுவது சாயம் துணியில் ஏறிப் பிடிக்க. அங்கே உப்புப் போட்டது, ஒரே சொல் 4,096 விதமான நிறங்களில் வருவதற்காக. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் கோப்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்கூட்டியே முக்கி வைத்துக்கொண்டு வருகிற திருடனுக்கு வேலை 4,096 மடங்காகிவிடும். மனிதன் பலவீனமானவன் என்று தெரிந்துகொண்டு, சுமையை யந்திரத்தின் தோளில் மாற்றிய சிந்தனை இது. இதற்குப் பின் வந்தவர்கள் சுமையைத் திரும்ப மனிதன் தலையிலேயே இறக்கினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

4

1980களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் வியாபாரச் சரக்காகிறது. சிஸ்டம் ஃபைவ் என்று அறியப்பட்ட யூனிக்ஸில், பாஸ்வேர்டு கோப்பின் வரியில் புதிதாக ஒரு வால் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். முக்கிய சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. அதன் பின் நான்கு எழுத்துக்கள். முதல் எழுத்து, இந்தச் சொல் அதிகபட்சம் எத்தனை வாரம் செல்லும். இரண்டாவது, மாற்றிய சொல்லைக் குறைந்தபட்சம் எத்தனை வாரம் வைத்திருந்தாக வேண்டும். மிஞ்சிய இரண்டும், கடைசியாக மாற்றியது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணினால் எத்தனையாவது வாரம் என்பது. யூனிக்ஸுக்குக் காலமே 1970 ஜனவரி 1இல்தான் ஆரம்பிக்கிறது. எண்ணுவதற்கு 64 குறிகள் இருந்ததால், ஒரு ரகசியத்துக்கு அதிகபட்ச ஆயுள் 63 வாரம்.

குறைந்தபட்சம் எதற்கு என்று கேட்கலாம். புதிய சொல் கொடு என்று யந்திரம் கேட்டதும், ஜனங்கள் புதிய சொல்லைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிஷமே பழைய சொல்லுக்குத் திரும்பிவிட்டார்கள். அதற்காக அந்த எழுத்து. அப்புறம் வேறு தந்திரங்கள் வந்தன. இரண்டு சொற்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். பழைய சொற்களின் ஜாபிதா ஒன்றை யந்திரம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரே ஒரு எழுத்தை மாற்றினார்கள். மூன்று எழுத்தாவது மாறியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. காலையில் அவசரமாக உள்ளே வரும்போது திடீரென்று வேறு சொல் கேட்டால் வாயில் வந்ததைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே எச்சரிக்கும் வழக்கம் வந்தது. இந்த விதிகளின் சரித்திரத்தை, மனிதனின் சின்னச் சின்ன ஏமாற்றுகளுக்கு யந்திரம் வரிசையாக எழுதிய பதில்கள் என்று படிக்கலாம். எந்தப் பதிலும் கடைசிப் பதிலாக அமையவில்லை என்பதற்கு அந்த அட்டைத் துண்டு சாட்சி.

காலக்கெடுவுக்குப் பின்னால் ஒரு கணிதம் இல்லாமல் இல்லை. அமெரிக்க ராணுவத் துறையின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையம் 1985 ஏப்ரலில், பச்சை அட்டை போட்ட ஒரு சிறு நூலை வெளியிட்டது. அதில் உள்ள சூத்திரம் எளிமையானது. சொல்லின் ஆயுளை, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஊகிக்க முடியும் என்பதால் பெருக்கி, சாத்தியமான மொத்தச் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால், திருடன் ஜெயிப்பதற்கான வாய்ப்பு வந்துவிடும். ஆயுளைக் குறைத்தால் வாய்ப்பு குறையும். சரியான கணக்கு. ஆனால் சொற்களை யந்திரமே குருட்டாம்போக்கில் உண்டாக்கித் தருகிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிற கணக்கு. பழனிமுருகனுக்கு அந்தச் சூத்திரத்தில் இடம் கிடையாது. அப்படியும் அந்த நூல் கேட்ட ஆயுள் அதிகபட்சம் ஒரு வருஷம்தான்.

வருஷம் எப்படி மாதமாகச் சுருங்கியது? பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜீன் ஸ்பாஃபோர்டு 2006இல் ஒரு விளக்கம் எழுதினார். பல பத்து வருஷங்களுக்கு முன்பு, ராணுவக் காண்டிராக்ட்காரர்கள், தங்களிடமிருந்த பெரிய யந்திரம் சாத்தியமான எல்லாச் சொற்களையும் முயன்று முடிக்க எவ்வளவு நாளாகும் என்று பார்த்தார்களாம். சில மாதங்கள் என்று விடை வந்தது. அதனால் மாதத்துக்கு ஒரு முறை மாற்று என்று விதி செய்தார்கள். அந்த யந்திரம் போய்விட்டது, அந்த வேகம் போய்விட்டது, ஊகித்துப் பார்க்கிற முறைகளே மாறிவிட்டன. விதி மட்டும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது.

நடுவில் சரித்திரம் ஒரு வேடிக்கை செய்தது. 1988 நவம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான யூனிக்ஸ் யந்திரங்களில் ஒரு புழு புகுந்தது. தனக்குள் 432 சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக முக்கிப் பார்த்தது அது. எழுதியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ்; 1979ஆம் வருஷத்து மோரிஸின் மகன். தகப்பன் எச்சரித்ததை மகன் நடத்திக் காட்டினார். யாரும் படிக்கலாம் என்று திறந்து கிடந்த கோப்பிலிருந்து முக்கிய சொல்லை எடுத்து, நிர்வாகி மட்டும் பார்க்கக்கூடிய வேறொரு கோப்பில் ஒளித்து வைக்கும் வழக்கம் அந்த வருஷங்களில்தான் பரவியது. ஷேடோ என்று அதற்குப் பெயர். நிழல்.

நிழல் கோப்பில் ஆளுக்கு ஒன்பது கட்டங்கள். முதல் கட்டம் பெயர். இரண்டாவது, முக்கிய சொல். மூன்றாவது, கடைசியாகச் சொல்லை மாற்றிய நாள். நான்காவது, குறைந்தபட்ச நாட்கள். ஐந்தாவது, அதிகபட்ச நாட்கள். ஆறாவது, எச்சரிக்கை. ஏழாவது, காலாவதிக்குப் பின் கொடுக்கும் சலுகை நாட்கள். எட்டாவது கட்டம் மற்றவற்றைப் போன்றதல்ல. அது சொல்லின் ஆயுள் அல்ல, ஆளின் ஆயுள். இந்தப் பெயர் எந்தத் தேதியோடு முடிகிறது என்பது. ஒன்பதாவது எதிர்கால உபயோகத்துக்கு என்று காலியாக விட்டது. இவற்றை மாற்ற லினக்ஸில் 'சேஜ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வரி அடித்தால் போதும்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐந்தாவது கட்டத்தில் லினக்ஸ் வழக்கமாக வைப்பது 99999 நாள். சுமார் 273 வருஷம். எண் கேட்கிறீர்களே என்பதற்காக ஒரு எண் கொடுத்த மாதிரி இருக்கும். அதை 90 ஆக்குவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும்.

5

திருப்பூருக்கு அந்த ஒருவர் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. அடுத்த நவம்பரில், வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கோடு ஆபத்தும் வந்துவிடக் கூடாது என்று அமெரிக்க சுங்கத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. ஏற்றுமதிக்காரர்கள் வாயில் அது சி-டிபேட். இறக்குமதி செய்கிற கம்பெனி அதில் சேர்ந்தால் அதன் சரக்குக்குச் சோதனை குறையும். பதிலுக்கு, அதற்குத் துணி தைத்துக் கொடுக்கிற தொழிற்சாலை சில விதிகளை அனுசரிக்க வேண்டும். வெளிநாட்டு உற்பத்தியாளர்களுக்கான விதிகள் 2006இல் அமலுக்கு வந்தன. கன்டெய்னருக்கு எந்த மாதிரி சீல், காம்பவுண்டுச் சுவர், விளக்கு, வருகிறவர்கள் பதிவேடு என்று போகிற அந்தப் பட்டியலில் ஒரு வாக்கியம்: ஆளுக்குத் தனிக் கணக்கு இருக்க வேண்டும், அதன் பாஸ்வேர்டு குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். எத்தனை நாள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. எங்களிடம் வந்த கேள்வித்தாளில் 90 இருந்தது.

அதே விதிகளில் வேறொரு தலைப்பின் கீழ் இன்னொரு வாக்கியமும் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவரின் அடையாள அட்டையையும் கம்ப்யூட்டர் அனுமதியையும் நீக்க ஒரு நடைமுறை வேண்டும் என்பது. தணிக்கைக்கு வந்தவர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தபோது, 90 எங்கே என்று கேட்டார். கோப்பைத் திறந்து ஐந்தாவது கட்டத்தைக் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டார். போனவர்களைப் பற்றிய கேள்விக்கு எழுத்தில் நடைமுறை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கையெழுத்துப் போட்டேன். எட்டாவது கட்டத்தை அவர் கேட்கவில்லை, நான் காட்டவில்லை.

பனியன் கம்பெனியில் ஆட்கள் வருவதும் போவதும் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைமடியாகச் சேர்ந்தவர் அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அலுவலகமும் இதில் சேர்த்திதான். பத்து ரூபாய் அதிகம், வீட்டுக்குப் பக்கம், பஸ் அனுப்புகிறார்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம். போகிறவர் வருகிறவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது தன் பாஸ்வேர்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். புதுக் கணக்கு தொடங்க மேலே ஒரு கையெழுத்து வேண்டும். அன்று மாலையே ஷிப்மெண்ட் போக வேண்டும்.

பேக்கிங் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். பெட்டிக்குப் பெட்டி எத்தனை பீஸ், எந்த அளவு, எந்த நிறம் என்று கணக்கு ஏற்றுகிற வேலை. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டு, பெருமாநல்லூர்ப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டாள். வேலை செய்த மாதங்களுக்கான போனஸும் கணக்கும் பாக்கி இருந்தன. செக்ஷன் பொறுப்பாளர் சொன்னபடி பாஸ்வேர்டைப் புதிதாக வந்த பையனிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பையன் அவள் பெயரில் உள்ளே போய் வேலையைப் பார்த்தான். 90 நாள் ஆனதும் யந்திரம் புதுச் சொல் கேட்டது. அவன் தனக்குப் பிடித்த நடிகரின் பெயரைக் கொடுத்தான். யந்திரத்துக்குத் திருப்தி.

நாலு மாதம் கழித்து, பெட்டிகளில் பீஸ் குறைகிறது என்று பையரிடமிருந்து புகார் வந்து, பில்லில் ஒரு தொகையும் பிடித்துவிட்டார்கள். யார் ஏற்றிய கணக்கு என்று பார்த்தால் அவள் பெயர் இருந்தது. ஆளை வரச் சொன்னார்கள். மத்தியான இடைவேளையில் வந்தாள். யாருக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனாய் என்று மேலாளர் கேட்டார். சொல்லச் சொன்னவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் கொஞ்ச நேரம் புரியாமல் நின்றுவிட்டு, "நான் போயி நாலு மாசமாச்சுங்க சார். என்ற பேரு இன்னும் இங்கதான் வேலைக்கு வந்துட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். அவள் கொடுத்துவிட்டுப் போன சொல் விதிப்படி செத்துப் போயிருந்தது. அன்றைக்கு இருந்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கவே முடியாது. பெயருக்கு மட்டும் சாவு விதிக்கப்படவில்லை. அது தினமும் காலை எட்டரைக்கு உள்ளே வந்து, ராத்திரி எட்டரைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. நிழல் கோப்பில் அவள் வரியை அன்று மாலை திறந்து பார்த்தேன். ஐந்தாவது கட்டத்தில் 90. எட்டாவது கட்டத்தில் ஒன்றும் இல்லை; இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

இதை எழுதி மேலே கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து அவளுக்குப் பணம் கொடுத்தார்கள். தப்பு எங்கள் மேல்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

6

காலாவதி விதி தவறு என்று சொல்வதற்கு நான் தேவையில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பழைய சொற்களை ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். பழைய சொல் தெரிந்தால் புதிய சொல் என்னவென்று, 17 சதவிகிதக் கணக்குகளில் ஐந்து தடவைக்குள் ஊகித்துவிடலாம். கோப்பு கையில் இருந்தால் 41 சதவிகிதத்தைச் சில விநாடிகளில். எட்டுக்குப் பின் ஒன்பது வரும் என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். ஆனாலும் யாராவது எண்ணிப் பார்த்துச் சொன்னால்தான் ஸ்தாபனங்களுக்குக் காது கேட்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2017இல், கால அளவு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், சொல் திருடு போனதற்கு அடையாளம் தெரிந்தால் மாற்றச் சொல் என்று ஆலோசனை கூறியது. அதே நிறுவனத்தில் 2003இல் பழைய மாதிரி யோசனைகளை எழுதிய பில் பர், தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக அதே வருஷம் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் சிபாரிசுப் பட்டியலிலிருந்து காலாவதியை எடுத்துவிட்டது. 2020இல் அமலுக்கு வந்த சி-டிபேட் விதிகளிலும், சொல் பறிபோனதாகச் சந்தேகம் வந்தால் உடனே மாற்று என்று ஆகிவிட்டது. 2025இல் தர நிர்ணய நிறுவனம் தன் ஆலோசனையைத் தடையாகவே ஆக்கியது: காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவே கூடாது.

விதியைச் செய்தவர்கள் இப்படிக் கைகழுவிவிட்டார்கள். ஆனால் சொல்லித் திரிய ஒரு எண் கிடைத்துவிட்டால் அதை லேசில் யாரும் விடுவதில்லை. பார்த்தவுடன் சரியா தவறா என்று டிக் போட ஐந்தாவது கட்டம் வசதியானது. எட்டாவது கட்டத்தைச் சரி பார்க்க வேண்டுமானால், இந்த வரியில் இருக்கிற மனுஷி இன்றைக்கு எங்கே இருக்கிறாள் என்று யாராவது விசாரிக்க வேண்டும். அது வேலை.

தேதிக்கும் ரகசியத்தின் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு ஒரு கடைசி உதாரணம் உண்டு. 1980 வாக்கில் யூனிக்ஸின் மூல புருஷர்கள் உபயோகித்த பாஸ்வேர்டு கோப்பு ஒன்று பழைய மென்பொருள் குவியலில் தப்பிப் பிழைத்திருந்தது. இன்றைய யந்திரங்களை ஏவி அதை உடைத்துப் பார்த்தார்கள். பலருடைய சொற்கள் சுலபமாக விழுந்தன. பின்னாளில் கூகுளின் தலைவரான எரிக் ஷ்மிட் வைத்திருந்தது மனைவியின் பெயரும் மூன்று ஆச்சரியக் குறிகளும். நம் பழனிமுருகன்காரருக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கென் தாம்ஸனுடைய சொல் மட்டும் நெடுநாள் பிடிகொடுக்காமல் இருந்து, 2019 அக்டோபரில், நான்கு நாளுக்கு மேல் யந்திரம் ஓடிய பின் விழுந்தது. அது ஒரு சதுரங்க ஆட்டத்தின் முதல் நகர்த்தல். ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் போவது. சதுரங்கம் ஆடுகிற கம்ப்யூட்டரைக் கட்டியவர் அவர். மனசில் இருந்த ஒன்றைச் சொல்லாக வைத்தார், நாற்பது வருஷத்துக்கு ஒரு வருஷம் குறைய அது தாங்கியது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் நான் ஒன்று செய்ய ஆரம்பித்தேன். சம்பளப் பட்டுவாடா முடிந்ததும், நின்றுபோனவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொருவர் வரியிலும் எட்டாவது கட்டத்தை நிரப்புவது. பூஜ்யம் போடக் கூடாது; சில யந்திரங்கள் அதை முடிவே இல்லை என்று அர்த்தம் செய்துகொள்ளும் என்று கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். 1 என்று போட வேண்டும். யூனிக்ஸ் கணக்கில் அது 1970 ஜனவரி 2. போனவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. அவர்கள் பெயரில் இனி ஒரு பெட்டி கூட ஏறாது.

முதலில் நிரப்பியது அவளுடைய வரியைத்தான்.